நொடிக்கு 100 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேக இணைய இணைப்பு இருந்தும் டிவியில் படம் மங்கலாவதும் நடுவில் நின்றுபோவதும் ஏன்?

உங்கள் ரவுட்டர் ஓர் அறையிலும் டிவி வேறோர் அறையிலும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால், கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறச் சொல்லி யார் வற்புறுத்தினாலும் இப்போதைக்குத் தலையாட்டிவிடாதீர்கள்.

நெட்பிளிக்ஸ் போன்ற சேவைகள் ஒவ்வொரு படத்தையும் பல தரங்களில் முன்கூட்டியே தயாரித்து, சில நொடிகளே ஓடும் துண்டுகளாக நறுக்கி வைத்திருக்கின்றன. முந்தைய துண்டு எவ்வளவு வேகமாக வந்தது, இன்னும் ஓடாத பகுதி எவ்வளவு கையிருப்பில் உள்ளது என்பதைப் பார்த்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று முடிவெடுப்பது உங்கள் டிவியில் உள்ள செயலிதான். தொடக்கத்தில் குழம்பித் தெரியும் முகங்கள், சற்று நேரத்தில் முடியிழை தெரியும் அளவுக்குத் தெளிவது இதனால்தான். கையிருப்பு தீர்ந்தால் வட்டம் சுற்றத் தொடங்கும். நெட்பிளிக்ஸ் பரிந்துரைக்கும் வேகமோ 1080பி (முழு எச்டி) தரத்துக்கு 5 எம்பிபிஎஸ், அதைவிடத் தெளிவான 4கே தரத்துக்கு 15 எம்பிபிஎஸ் மட்டுமே.

மதுரையில் எங்களுடையது தடித்த சுவர்கள் கொண்ட பழைய வீடு. பின்கட்டில் அம்மா தொடர் பார்க்கும்போதெல்லாம் படம் நின்றுவிடும். இணைய நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர், முன்னறையில் ரவுட்டரை ஒட்டி நின்று போனில் வேகத்தைச் சோதித்துவிட்டு, "முழு வேகமும் வருது சார், டிவியிலதான் கோளாறு" என்றார். மறுநாளே இரு மடங்கு வேகத் திட்டத்தை விற்க அதே நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. படம் நிற்பது பின்கட்டில் என்னும்போது சோதனையை முன்னறையில் நடத்துவது எந்த வகையில் நியாயம்? டிவிக்குப் பக்கத்தில் நின்று நானே சோதித்தபோது 4 எம்பிபிஎஸ் கூட நிலையாக வரவில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வரும் வைஃபை வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டுவதற்குள் வலுவிழந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அதிலேயே நெருக்கியடிக்கும். நிலைச்சட்டத்தை ஒட்டிக் கிளிப் அடித்து, ரவுட்டரிலிருந்து டிவிக்கு ஒரு லேன் கேபிளை (இணையக் கம்பியை) இழுத்தேன். பழைய திட்டத்திலேயே 4கே படம் தடையின்றி ஓடுகிறது.

எல்லா நிறுவனங்களும் ஏமாற்றுகின்றன என்று நான் சொல்லவில்லை. வெளியிலிருந்து வரும் இணைப்பிலேயே பழுது இருக்கும் வீடுகளும் உண்டு. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன், கதவிடுக்கு வழியாகச் செல்லும் தட்டைக் கேபிள்கள் கடைகளில் கிடைக்கின்றன.

போனில் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் அது வேறு விஷயம். ஆண்ட்ராய்டு போனில், படங்களைத் திருட்டு நகல் எடுக்காமல் தடுக்கும் வைட்வைன் பாதுகாப்பின் உயர்நிலையான எல்1 இல்லாமல், கீழ்நிலையான எல்3 மட்டும் இருந்தால், நெட்பிளிக்ஸ் அதற்கு எச்டி தரத்தை அனுப்பாது. எவ்வளவு வேகமான திட்டம் வாங்கினாலும் அது மாறாது.