லிவர்பூலுக்கு எந்தக் கிழமை போவது?

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். நாங்கள் இருவர், 7 வயது மகள், 4 வயது மகன். ஆகஸ்ட் கடைசியில் லிவர்பூலில் இரண்டு இரவு தங்க ஆசை. வெள்ளி, சனி இரவுகளுக்கு ஒரு இணையதளத்தில் அறை பார்த்தோம். ரத்து செய்ய முடியாத கட்டணம் 30 பவுண்டு குறைவாக இருக்கிறது. ‘இன்னும் ஒரே ஒரு அறைதான்’ என்று வேறு மிரட்டுகிறது. பிடிக்காவிட்டால் 14 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்கிறார் கணவர். எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்காதீர்கள். இணையத்தில் வாங்கும் செருப்புக்கும் மிக்ஸிக்கும் அந்த 14 நாள் உரிமை உண்டு. குறிப்பிட்ட தேதிக்குப் பதிவு செய்யும் விடுதி அறைக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் கிடையாது. 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகளே அவற்றுக்கு விலக்கு அளித்துவிட்டன. நான்கு வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் 30 பவுண்டு மிச்சம் பிடித்ததற்கு மொத்த வாடகையும் போகும். ‘ஒரே ஒரு அறை’ என்பது அந்தத் தளத்துக்கு ஒதுக்கிய அறைகளில் மிஞ்சியதாகவும் இருக்கலாம். விடுதியின் சொந்தத் தளத்தையும் ஒருமுறை பாருங்கள்.

அதைவிடப் பெரிய மிச்சம் கிழமையில் இருக்கிறது. வெள்ளி, சனியில் கூட்டமும் வாடகையும் ஒன்றாக ஏறும் ஊர் அது. உள்ளூரில் கால்பந்துப் போட்டி இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகஸ்டில் பருவம் தொடங்கிவிடும்; அந்த ஊர் அணிகளான லிவர்பூல், எவர்ட்டன் இரண்டின் அட்டவணையையும் பாருங்கள். தொலைக்காட்சிக்காகச் சனிக்கிழமைப் போட்டி ஞாயிறு, திங்களுக்கு மாறுவதும் உண்டு. மாத இறுதித் திங்கள் வங்கி விடுமுறை என்பதால் அந்த வார இறுதியையும் தவிர்த்துவிடுங்கள். பள்ளி விடுமுறைதானே, ஞாயிறு போய்ச் செவ்வாய் திரும்பினால் என்ன? ஞாயிறு இரவுதான் பெரும்பாலும் மலிவு.

ரயிலுக்குக் குடும்ப ரெயில்கார்டு என்னும் கட்டணச் சலுகை அட்டை வாங்குங்கள். 2025 மார்ச்சில் விலை 35 பவுண்டானது, ஓராண்டு செல்லும். பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் 5 முதல் 15 வயதுக் குழந்தைகளுக்கு 60 சதவீதமும் குறையும். உங்கள் இருவரும் போய்வர ரயில் கட்டணம் 120 பவுண்டு என்றால் 80 ஆகிவிடும். ஒரே பயணத்தில் கார்டு விலை வந்துவிட்டது. மகனுக்கு டிக்கெட்டே வேண்டாம், ஆனால் தனி இருக்கைக்கு உரிமை இல்லை. ரயில் நிறுவனத்தின் தளத்திலேயே வாங்கினால் முன்பதிவுக் கட்டணமும் மிச்சம். பஸ்ஸில் போகலாம்தான், ஆனால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். குழந்தைகளோடு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

அங்கே பார்ப்பதற்கு அதிகம் செலவில்லை. லிவர்பூல் அருங்காட்சியகம், உலக அருங்காட்சியகம், வாக்கர் ஓவியக்கூடம் மூன்றுக்கும் அனுமதி இலவசம். கிளம்புமுன் திங்கட்கிழமை நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கடல்சார் அருங்காட்சியகம் 2025 தொடக்கத்தில் சீரமைப்புக்காக மூடப்பட்டது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். படகில் ஏற ஆசைப்பட்டால், பகலில் விளக்கம் சொல்லிச் சுற்றிக்காட்டும் படகைவிட, வாரநாள் காலையிலும் மாலையிலும் வேலைக்குப் போகிறவர்களுக்காக எதிர்க்கரையில் உள்ள சீகூமுக்கு ஓடும் படகு மலிவு. மெர்சி நதி இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஒரு மாலையைக் கிராஸ்பி கடற்கரைக்கு வையுங்கள். உள்ளூர் ரயிலில் ஏறிப் பிளண்டல்சாண்ட்ஸ் நிலையத்தில் இறங்கி நடந்தால் மணலில் நூறு இரும்பு மனிதர்கள் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். சிற்பி ஆன்டனி கோர்ம்லி தம் உடலையே அச்செடுத்து வார்த்தவை. அலை ஏறும்போது சிலர் கழுத்தளவு நீரில் நிற்பார்கள். வடிந்தால் காலெல்லாம் சிப்பி ஒட்டியிருக்கும். மகள் எண்ணத் தொடங்குவாள். ஆனால் தூரத்துச் சிலைகள் வரை விடாதீர்கள், அங்கே சேறு ஆளை உள்ளே இழுக்கும்.

கேள்வி: பணத்தை டெபிட் கார்டில் கட்டுவதா, கிரெடிட் கார்டிலா?

பதில்: அறை வாடகை 100 பவுண்டுக்கு மேல் இருந்தால் கிரெடிட் கார்டில், அதுவும் விடுதிக்கே நேராக. விடுதி கைவிரித்தால் 1974ஆம் ஆண்டுக் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி வங்கியிடம் கேட்கலாம். இடைத்தரகர் தளத்துக்குக் கட்டியிருந்தால் இந்தப் பிடி தளர்ந்துவிடக்கூடும்.