‘சைடு’ என்று முடியும் ஆங்கிலச் சொற்களை மறக்காமல் வைத்துக்கொள்ள வழி உண்டா?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன், ஹோமிசைடு, ரெஜிசைடு, ஃப்ராட்ரிசைடு, பெஸ்டிசைடு என்று வரிசையாக வருகின்றன, ஒன்றும் மண்டையில் நிற்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆங்கில வாத்தியார் இல்லை. ஆனால் இந்தச் சைடுகளோடு ஒரு வருஷம் குடித்தனம் நடத்தியவன்.

ப்ளஸ் டூ முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் கோத்தகிரியில் மாமாவின் உரக்கடையில் நின்றுகொண்டிருந்த காலம். ஆடி மாதம், காலையிலிருந்து நசநசவென்று மழை. கட்டபெட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார். “தம்பி, கெழங்குல கருகல் விழுந்துடுச்சு. மருந்து குடு.” நான் ரொம்பத் தெரிந்தவன் மாதிரி அலமாரியிலிருந்து ஒரு பொடி பாக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். மாமா கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே கேட்டார்: “என்ன எடுத்த?”

“சைடுன்னு போட்டிருக்கு மாமா.”

“இந்தக் கடையில எல்லாத்துலயும்தான் சைடுன்னு போட்டிருக்கும். அதுக்கு முன்னாடி என்ன போட்டிருக்குன்னு படி.”

படித்தேன். ஹெர்பிசைடு. களைக்கு அடிக்கிற மருந்து. அவருக்கு வேண்டியது ஃபங்கிசைடு. பெரியவர் சிரித்துவிட்டார்: “களையோட சேத்து என் கெழங்கையும் எடுக்கப் பாத்தியா?” எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் அன்றைக்கு மாமா சொன்னதுதான் உங்கள் கேள்விக்கும் பதில். வாலைப் பார்க்காதீர்கள், தலையைப் பாருங்கள்.

வால் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். லத்தீனில் ‘கைடெரே’ என்றால் வெட்டு, வெட்டிச் சாய், கொல். தலையில் இருப்பது யார் செத்தார் என்பது. ஹோமோ மனிதன், ரெக்ஸ் அரசன், பாட்டர் அப்பா, மாட்டர் அம்மா, ஃப்ராட்டர் அண்ணன் தம்பி, உக்சோர் மனைவி. இன்ஃபான்ஸ் என்றால் ‘இன்னும் பேச்சு வராதது’, அதாவது குழந்தை. இன்ஃபான்டிசைடு என்ற சொல்லை அதன்பிறகு என்னால் சாதாரணமாகப் படிக்க முடிந்ததில்லை. ஹெர்பா புல் பூண்டு, ஃபங்கஸ் பூஞ்சை. எங்கள் கடையில் புழங்கும் ‘வீடிசைடு’ மட்டும் ஒட்டுச்செடி: தலை அசல் ஆங்கிலம், வால் லத்தீன். முதலில் கேட்டபோது வீட்டைக் கொல்வதோ என்று நினைத்தேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது இன்செக்டிசைடு. இன்செக்டும் என்ற லத்தீன் சொல்லுக்கே ‘வெட்டுண்டது’ என்றுதான் பொருள். எறும்பையோ குளவியையோ உற்றுப் பாருங்கள், தலை, மார்பு, வயிறு என்று யாரோ இரண்டு இடத்தில் கத்தி வைத்த மாதிரி இருக்கும். அரிஸ்டாட்டில் கிரேக்கத்தில் அப்படித்தான் பெயர் வைத்தார், ரோமாபுரிக்காரர்கள் மொழிபெயர்த்துக்கொண்டார்கள். ஆக இன்செக்டிசைடு என்பது ஏற்கெனவே வெட்டுப்பட்டதை மறுபடி வெட்டுவது. இன்னொரு கூத்து, 1968-ஆம் வருஷத்து இன்செக்டிசைட்ஸ் சட்டத்தில் பூஞ்சை மருந்தும் களை மருந்தும் சேர்ந்தே வருகின்றன. சட்டத்தின் கண்ணில் நான் எடுத்து வைத்த அந்தக் களைப்பொடியும் பூச்சிமருந்துதான். மாமாவிடம் இதைச் சொல்லித் தப்பிக்க அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போயிற்று.

இப்போது தேர்வில் இடறும் இடத்துக்கு வருகிறேன். ஹோமிசைடு என்பது கொலையா, கொலைகாரனா? இரண்டும்தான். லத்தீனில் கொல்கிறவனுக்கு ‘-கிடா’, கொல்கிற செயலுக்கு ‘-கிடியம்’ என்று தனித்தனி வால் இருந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்வதற்குள் இரண்டும் தேய்ந்து ஒரே ‘சைடு’ ஆகிவிட்டன. ரெஜிசைடு என்றால் அரசனைக் கொல்வது. 1649-ல் இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸின் மரண ஆணையில் கையெழுத்துப் போட்ட 59 பேருக்கும் ரெஜிசைடுகள் என்றே பெயர்.

ஆங்கிலம் தொலைத்த இந்த வித்தியாசத்தைத் தமிழ் பத்திரமாக வைத்திருக்கிறது. கொல்வது எதுவோ அது ‘கொல்லி’: பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, உயிர்க்கொல்லி. நடந்தது எதுவோ அது ‘கொலை’: தற்கொலை, சிசுக்கொலை, இனப்படுகொலை. யாரும் மாற்றிச் சொல்வதில்லை. ‘பூச்சிக்கொலை வாங்கிட்டு வா’ என்று எவரும் கடைக்கு ஆள் அனுப்பியதில்லை. அதனால் ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் இது கொல்லியா, கொலையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெஸ்டிசைடு கொல்லி மட்டும். ஜெனோசைடு, அதாவது இனப்படுகொலை, கொலை மட்டும். அது பழைய சொல்லும் இல்லை, ராஃபேல் லெம்கின் என்ற சட்ட அறிஞர் கிரேக்கத் தலையையும் லத்தீன் வாலையும் சேர்த்துச் செய்தது, 1944-ல் அச்சில் வந்தது. ஹோமிசைடு, ரெஜிசைடு, பாட்ரிசைடு போன்றவை இரண்டுக்கும் பொது.

அந்த வகையில் ‘ஆட்கொல்லி’ அச்சு அசலாக லத்தீன் ‘ஹோமிகிடா’தான். 2021 அக்டோபரில் மசினகுடிப் பக்கம் உயிரோடு பிடிபட்ட டி23 புலியை நம் பத்திரிகைகள் ஆட்கொல்லி என்று எழுதின, ஆங்கிலப் பத்திரிகைகள் ‘மேன் ஈட்டர்’ என்று எழுதின. நாம் கொன்றதைப் பிடித்துக்கொண்டோம், அவர்கள் தின்றதை.

டிசைடு என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான் என்றால் நம்புவீர்களா? ‘டே’ என்றால் விலக்கி, ‘கைடெரே’ வெட்டு. மற்ற வழிகளை வெட்டித் தள்ளிவிட்டு ஒன்றை வைத்துக்கொள்வது. தேயிலையில் கிளைகளை வெட்டிக் கவாத்து எடுக்கிறவர்களைப் பார்த்திருந்தால் இது சட்டென்று புரியும். தமிழிலும் தீர்ப்பு, தீர்மானம் என்கிறோம், அதே வாயால் ஆளைத் தீர்த்துக்கட்டினான் என்கிறோம். சிசர்ஸ் (கத்தரிக்கோல்), சிசல் (உளி) எல்லாம் அதே வெட்டு. சிமென்ட்கூட, கல்லை வெட்டும்போது தெறித்த சில்லுக்கு ரோமர்கள் வைத்த பெயரிலிருந்து வந்தது.

சேர்க்கக் கூடாதவை சில. சயனைடு நிச்சயம் கொல்லும், ஆனால் அதன் வால் ‘சைடு’ இல்லை, ஆக்சைடு, குளோரைடு மாதிரி வேதியியல்காரர்கள் ஒட்டும் ‘ஐடு’. இன்சைடு, அவுட்சைடு, ‘குன்னூர் சைடுல மழையா?’ என்று நாங்கள் போனில் கேட்கிற சைடு எல்லாம் வேறு. தமிழில் எழுதினால் ஒன்றாகத் தெரியும், ஆங்கிலத்தில் எழுத்தே வேறு.

கடைசியாக கோயின்சைடு. இதில் எழுத்தும் அதேதான், ஆனால் வேர் ‘கைடெரே’ இல்லை, ‘காடெரே’, விழு. இரண்டு விஷயம் ஒரே இடத்தில் வந்து விழுவது. தீபாவளி இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையில் விழுது என்கிறோமே, அந்த விழு. ஆக்சிடென்ட், இன்சிடென்ட் எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள். இதையெல்லாம் போன மாதம் அக்கா மகளுக்கு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். தலையைப் பார், வாலைப் பார்க்காதே என்று மாமா மாதிரியே சொன்னேன். மறுநாள் டெஸ்டில் கோயின்சைடுக்கு அவள் எழுதிய பதில்: “நாணயத்தைக் கொல்வது.”