58 வயது எனக்கு, 67 வயது என் செல்களுக்கா?

கேள்வி: எனக்கு 58 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லை. பிள்ளைகள் வற்புறுத்தியதால் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். அதில் 'நோய் எதிர்ப்பு வயது 67' என்று வந்திருக்கிறது. சிடி4 – சிடி8 விகிதம் 0.8 என்று சிவப்பில் அச்சிட்டிருக்கிறார்கள். ரத்த அணுக்களின் எண்ணிக்கை சரியாகவே இருக்கிறது. பரிசோதனைக்குப் பத்து நாள் முன்பு மூன்று நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது நலம். எதிர்ப்பாற்றலைக் கூட்டும் மாத்திரைகளை ஆறு மாதம் சாப்பிட்டுவிட்டு மறுபடி பரிசோதித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இரவில் தூக்கமே வருவதில்லை. என் செல்கள் முதுமை அடைந்துவிட்டனவா?

பதில்: சிவப்பில் அச்சான எண்ணைவிட, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் என் கண்ணில் பட்டது: பத்து நாள் முன்பு காய்ச்சல்.

சிடி4, சிடி8 இரண்டுமே டி செல்கள், அதாவது நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை. சிடி4 செல்கள் மற்ற எதிர்ப்புச் செல்களைத் தூண்டி வேலை வாங்குபவை. சிடி8 செல்கள் வைரஸ் புகுந்த செல்லைத் தேடிக் கொல்பவை. வைரஸ் காய்ச்சல் வந்தால் சிடி8 செல்கள் மளமளவென்று பெருகும். விகிதத்தில் அவை கீழே இருக்கும் எண் என்பதால், அவை கூடினால் விகிதம் இறங்கும். காய்ச்சல் விட்ட பிறகு அது பழைய நிலைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். ஆக, உங்கள் 0.8 முதுமையின் அடையாளமாக இல்லாமல், சற்றுமுன் வேலையை முடித்த செல்களின் கணக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். உங்கள் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து, ஒவ்வொரு வகைச் செல்லிலும் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் சாயங்களைக் கலக்கிறார்கள். பிறகு செல்களை ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளியின் குறுக்கே ஓடவிடுகிறார்கள். எந்த நிறம் மின்னுகிறது என்று பார்த்து, நொடிக்கு ஆயிரக்கணக்கில் கருவி எண்ணிவிடும். அருமையான கருவி, சந்தேகமில்லை. ஆனால் உடலில் உள்ள லிம்போசைட்டுகளில் (டி செல்கள் அடங்கிய வெள்ளை அணு வகை) எந்த நேரத்திலும் சுமார் 2 சதவீதம்தான் ரத்தத்தில் இருக்கின்றன. மற்றவை நிணநீர் முடிச்சுகளிலும் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் குடலின் சுவரிலும் இருக்கின்றன. தெருவில் நடமாடுகிறவர்களை எண்ணிவிட்டு ஊருக்கே வயது சொல்வது போன்றது இது. அந்த நடமாட்டமும் நேரத்துக்கு நேரம் மாறும். காலையில் லிம்போசைட்டுகள் குறைவாகவும் இரவில் அதிகமாகவும் இருக்கும். கடுமையான உடற்பயிற்சி, ஸ்டீராய்டு மாத்திரை, மன உளைச்சல் எல்லாமே எண்ணிக்கையை மாற்றும்.

வயது ஏற ஏற எதிர்ப்பாற்றல் மாறுவது உண்மைதான், அதை மறைக்கமாட்டேன். மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற சுரப்பி இருக்கிறது. டி செல்கள் அங்கேதான் பயிற்சி பெறுகின்றன. 1961-இல் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர் அதன் வேலையைக் கண்டுபிடிக்கும்வரை, பயனற்ற உறுப்பு என்றே அதைக் கருதினார்கள். இளம்பருவத்துக்குப் பிறகு அது சுருங்கிக் கொழுப்பாக மாறத் தொடங்குகிறது. இதுவரை எந்தக் கிருமியையும் சந்திக்காத புதிய டி செல்களின் வரத்து குறைகிறது. பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் செல்கள் இடத்தை நிரப்பிக்கொள்கின்றன. பெரியவர்களிடம் தைமஸ் வெறும் மிச்சம் என்ற எண்ணமும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. இதய அறுவைச் சிகிச்சையின்போது தைமஸை இழந்த பெரியவர்களிடம், அடுத்த ஐந்து ஆண்டுகளில் இறப்பும் புற்றுநோயும் அதிகமாக இருந்ததாக 2023-இல் ஓர் ஆய்வு காட்டியது.

சிடி4 – சிடி8 விகிதத்துக்கு 'முதுமை அளவுகோல்' என்ற பெயர் வந்தது ஸ்வீடன் ஆய்வுகளால். 85 வயதைத் தாண்டியவர்களில், விகிதம் 1-க்குக் கீழே இருந்தவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்தது. அவர்களிடம் சைட்டோமெகலோவைரஸின் தடமும் தெரிந்தது. ஒருமுறை உடலில் நுழைந்தால் வாழ்நாள் முழுக்கப் பதுங்கியிருக்கும் வைரஸ் அது. பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் தராது. ஆனால் அதைக் காவல் காக்கவே சிடி8 செல்களில் ஒரு பெரும் பங்கு ஒதுங்கிவிடுகிறது. 85-ஐக் கடந்தவர்களின் கணக்கை 58 வயதில் நலமாக இருக்கும் உங்கள்மீது அப்படியே வைத்துப் பார்ப்பது தவறு.

'நோய் எதிர்ப்பு வயது' என்பதோ இன்னும் ஆய்வுக்கூடத்து அளவை. ஒரு குழு செல் வகைகளை எண்ணுகிறது. இன்னொரு குழு ரத்தத்தில் உள்ள அழற்சிப் புரதங்களை அளக்கிறது. வேறொரு குழு மரபணுக்களின் செயல்பாட்டைப் பார்க்கிறது. ஒரே மனிதருக்கு மூன்று வயது வரலாம். ஆயிரம் பேரை ஒப்பிட்டு ஆராய இவை மிகவும் பயன்படும், இந்தத் துறையின் வளர்ச்சியை நான் ஆவலோடு கவனிக்கிறேன். ஆனால் 67 என்று வந்ததால் இன்ன சிகிச்சை என்று சொல்ல இன்று எந்த மருத்துவராலும் முடியாது. அப்படிப்பட்ட எண்ணைக் கையில் கொடுத்து ஒருவரின் தூக்கத்தைப் பறிப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

மாத்திரைகள் வேண்டாம். தைமஸை மீண்டும் இளமையாக்கும் மாத்திரை எதுவும் நிரூபிக்கப்படவில்லை. இத்தகைய மாத்திரைகள் பலவற்றில் துத்தநாகம் இருக்கும். அதை அதிக அளவில் மாதக்கணக்கில் சாப்பிட்டால் உடலில் தாமிரம் குறையும். தாமிரம் குறைந்தால் வெள்ளை அணுக்களே குறைந்துவிடும்.

எச்.ஐ.வி. பரிசோதனையை இப்போதே ஒருமுறை செய்துகொள்ளுங்கள். அந்த வைரஸ் சிடி4 செல்களைக் குறைக்கும் என்பதால், விகிதம் 1-க்குக் கீழே வந்தால் யாராக இருந்தாலும் நான் கேட்பது இது, சங்கடப்பட ஏதுமில்லை. மூன்று மாதம் கழித்து, காய்ச்சல் சளி எதுவும் இல்லாத ஒரு காலையில், சாதாரண ரத்த அணுப் பரிசோதனையையும் சிடி4 – சிடி8 விகிதத்தையும் எச்.ஐ.வி. பரிசோதனையையும் மறுபடி பாருங்கள். விகிதம் அப்போதும் குறைவாக இருந்து மற்றவை சரியாக இருந்தால், பழைய சைட்டோமெகலோவைரஸ்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அதற்குச் சிகிச்சை தேவையில்லை. ஆனால் காரணமில்லாத எடைக் குறைவு, இரவு வியர்வை, கழுத்திலோ அக்குளிலோ கரையாத கட்டி, அடுத்தடுத்து நிமோனியா, இவற்றில் ஒன்று வந்தாலும் மூன்று மாதம் காத்திருக்காதீர்கள்.

எதிர்ப்புச் செல்கள் எப்படி இருக்கின்றன என்பதை எண்ணிக்கையைவிட அவற்றின் வேலைதான் காட்டும். அக்கி தடுப்பூசியைப் பாருங்கள். 50 வயதைக் கடந்தவர்களுக்கான இரண்டு தவணைப் புதிய தடுப்பூசி, 70 வயதைத் தாண்டியவர்களிடமும் சுமார் 90 சதவீதம் பலன் தந்திருக்கிறது. வயதான செல்களும் நன்றாகக் கற்றுக்கொள்கின்றன! அக்கி, இன்ஃபுளுவென்சா, நிமோகாக்கல் தடுப்பூசிகளைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். உடற்பயிற்சியையும் விடாதீர்கள். 55 முதல் 79 வயதுவரை பல ஆண்டுகள் தொடர்ந்து நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டியவர்களைப் பிரிட்டனில் ஆராய்ந்தபோது, தைமஸிலிருந்து வரும் புதிய டி செல்கள் இளைஞர்களுக்கு இணையாக இருந்தன.

இனி உங்கள் தூக்கம். இளைஞர்களைச் சில இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு இன்ஃபுளுவென்சா தடுப்பூசி போட்டபோது, பத்து நாள் கழித்து அவர்களிடம் உருவான எதிர்ப்பொருள், நன்றாகத் தூங்கியவர்களிடம் இருந்ததில் பாதிகூட இல்லை. அறிக்கை கெடுக்காததை அறிக்கை பற்றிய கவலை கெடுத்துவிடக் கூடாது.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, வீட்டில் தேடி உங்கள் பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் உங்கள் லிம்போசைட் எண்ணிக்கை என்னவாக இருந்தது என்று பார்த்து, உங்களை உங்களோடேயே ஒப்பிட்டுச் சொல்ல அவருக்கு அது போதும்.