சோலை வரியைக் கட்டாமல் எதிர்க்கலாமா?

கேள்வி: தம்பி, நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு பிரதேச சபைப் பகுதியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். இதுவரை இல்லாத சோலை வரி, அதாவது வீடு வளவின் மதிப்பை வைத்துச் சபை அறவிடும் வரி, கேட்டு வீட்டுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. ஒருவரும் கட்டாதீங்க, சபைக்கு ஊர்வலம் போவோம் என்கிறார் ஒரு கட்சிக்காரர். அயர்லாந்தில் இருக்கும் மருமகனும், அங்கே சனம் கட்டாமல் விட்டுத்தான் வென்றது என்கிறார். நான் சேர்ந்தால் சிக்கல் வருமா?

பதில்: ஊர்வலத்துக்குத் தாராளமாகப் போங்கள் மாஸ்டர். ஆனால் வரியைக் கட்டாமல் விடாதீர்கள்.

பேசவும், அமைதியாகக் கூடவும், சங்கமாகச் சேரவும் இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை உங்களுக்கு உரிமை தருகிறது, ஓய்வூதியம் எடுக்கிறீர்கள் என்பதற்காக அது குறையாது. பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவுப்படி, ஊர்வலம் தொடங்கும் இடத்துக்குக் கிட்டவுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குக் குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு முன் அறிவிக்க வேண்டும். கடிதத்தின் பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்கி வையுங்கள், ஒலிபெருக்கி பிடிப்பதென்றால் அதற்குத் தனி அனுமதி எடுக்க வேண்டும்.

மருமகன் சொன்னதில் இரண்டு கதை கலந்துவிட்டது. அயர்லாந்தில் 2012இல் வீட்டுக்கு 100 யூரோ என்று வந்த வரியை இலட்சக்கணக்கானோர் கட்ட மறுத்தார்கள், அது உண்மைதான், ஆனால் 2013இல் அரசு வசூலை வருமான வரிக்காரரிடம் ஒப்படைத்ததும் அந்தப் பாக்கி 200 யூரோவாகி, சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் கழித்தெடுக்கும் அதிகாரத்தோடு வீடு தேடி வந்தது. வென்றது 2014இல் வந்த தண்ணீர்க் கட்டணத்துக்கு எதிரான போராட்டம். அதிலும் பலர் கட்டவில்லை, ஆனால் தெருவில் திரண்ட சனம் அதை 2016 தேர்தல் வரை கொண்டுபோனதால்தான் கட்டணம் நிறுத்தப்பட்டது. அப்புறம் 2017இல், ஏற்கெனவே கட்டியவர்களுக்குப் பணமும் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

இங்கே கட்டாவிட்டால் சபை உங்கள் பொருட்களைக் கைப்பற்றி ஏலம் போடலாம். அந்த நாளில் கட்சிக்காரர் உங்கள் வாசலில் நிற்கமாட்டார். ஊரில் கட்ட முடியாத விதவைகளும் கூலிக்காரரும்தான் முதலில் மாட்டுவார்கள், அதனால்தான் இந்த 'கட்டாதீங்க' பேச்சு எனக்குக் கோபம் தருகிறது.

வரிக்கு எதிராகச் செய்ய வேண்டிய வேலை வேறு. அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரைப்படி சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த உள்ளூராட்சி சபையும் வரி போட முடியாது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 134ஆம் பிரிவின் கீழ் இந்த வரியைப் போடுவதென்றால், உங்கள் இடம் கட்டடங்கள் செறிந்த பகுதி என்று முறையாகப் பிரகடனம் செய்யப்பட்டிருக்க வேண்டும். உங்கள் ஊர் வயலும் வெறும் வளவுமாகக் கிடக்கிறதென்றால் அதற்குள் வருமா? பிரகடனம், சபைத் தீர்மானம், உங்கள் வீட்டின் மதிப்பீட்டு அறிக்கை மூன்றின் பிரதியையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள், 14 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். தீர்மானத்தின் திகதியையும் பாருங்கள். 2023 மார்ச் முதல் 2025 ஜூன் வரை சபைகளில் உறுப்பினர்களே இல்லை, எல்லாம் செயலாளர்களின் கையில்தான் இருந்தது. தீர்மானம் அந்தக் காலத்தது என்றால், இப்போது தெரிவான உறுப்பினர்களிடம் அதை மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்பது நியாயம்.

மதிப்பீடு கூடுதல் என்றால் எழுத்தில் ஆட்சேபனை கொடுங்கள். காலக்கெடு நோட்டீஸிலேயே இருக்கும், அதைத் தவறவிட்டால் நல்ல வாதமும் வீண். பிரகடனமோ தீர்மானமோ இல்லையென்று தெரிந்தால் மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை மனு (சபையின் முடிவை இரத்துச் செய்யக் கேட்கும் ரிட் மனு) போடலாம், கொழும்புக்கு ஓடத் தேவையில்லை.

அதுவரை ‘ஆட்சேபனையுடன் கட்டுகிறேன்’ என்று ஒரு கடிதம் வைத்துக் கட்டுங்கள். பற்றுச்சீட்டை எறியாதீர்கள். சபையின் அடுத்த வரவு செலவுத் திட்டம் வரும் முன்னே உங்கள் வட்டார உறுப்பினரை ஊர் முன்னால் கூப்பிட்டு, இந்த வரிக்கு எதிராக வாக்களிப்பாரா என்று நேரே கேளுங்கள்.