குற்றாலத்தில் யார் பையைப் பார்த்துக்கொள்வது?

கேள்வி: நாங்கள் மதுரை. வருகிற ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு குற்றாலம் போய் அன்றே திரும்பலாம் என்கிறார் கணவர். நான், கணவர், 12 வயது மகள், 6 வயது மகன், மாமியார், கொழுந்தன், அவர் மனைவி என்று ஏழு பேர். போன வருடமும் இப்படித்தான் போனோம். மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று அலைந்ததில் பாதிப் பொழுது காருக்குள்ளேயே போனது. பை, செல்போன், செருப்பு, பிள்ளைகள், மாமியார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கரையில் நின்ற நான் தலையைக்கூட நனைக்கவில்லை. இந்த முறை நான் வரவில்லை என்றால் "எல்லோருடைய சந்தோஷத்தையும் கெடுக்காதே" என்கிறார் கணவர். மாமியாருக்கு வயது 68. மூட்டுவலி, பிரஷர் உண்டு. ஆனாலும் மெயினருவியில் ஒருமுறை தலை காட்டியே ஆகவேண்டும் என்கிறார். வெள்ளச் செய்திகளைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பயம் வேறு. போகலாமா, வேண்டாமா? போனால் எப்படிப் போவது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: போகலாம். ஆனால் போன வருடம் போன மாதிரி போகவே கூடாது.

உங்கள் கடிதத்தில் கூட்டம், டிராஃபிக், வெள்ளம் எல்லாம் இருக்கிறது. எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தப் பைதான். ஏழு பேர் போய், ஆறு பேர் குளித்து, ஒருவர் காவல் காத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அந்த ஒருவர் யார் என்பதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்திருக்க மாட்டார்கள். அது தானாக உங்கள் தலையில் வந்து விழுந்திருக்கும். குற்றாலத்தின் அமைப்பும் அதற்குத் தோதாக இருக்கிறது. மெயினருவியிலும் ஐந்தருவியிலும் ஆண்களுக்குத் தனிப் பக்கம், பெண்களுக்குத் தனிப் பக்கம். கார் கதவு திறந்ததும் ஆண்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். மாமியார், பெண் பிள்ளை, சின்னப் பையன், சாமான் எல்லாம் பெண்கள் பக்கம் வந்து சேரும். "நீங்க குளிச்சிட்டு வாங்க, நான் பார்த்துக்கறேன்" என்று நீங்களே சொல்லியும் இருப்பீர்கள், இல்லையா?

எனவே இந்த முறை முதல் விதி, பெண்கள் முதலில் குளிக்கட்டும். மாமியார், நீங்கள், ஓரகத்தி, மகள் நான்கு பேரும் முதலில் இறங்குங்கள். அதுவரை உங்கள் கணவரும் கொழுந்தனும் பையனையும் பையையும் வைத்துக்கொண்டு கரையில் நிற்கட்டும். நீங்கள் உடை மாற்றிக்கொண்டு வந்த பிறகு, பையனை அழைத்துக்கொண்டு அவர்கள் போகட்டும். 6 வயதுப் பையன் அப்பாவோடு ஆண்கள் பக்கம் தாராளமாகப் போகலாம். இதை உரிமைப் பிரச்னையாக ஆக்கிப் பேச வேண்டியதில்லை, நடைமுறைக் காரணமே வலுவாக இருக்கிறது. பெண்கள் உடை மாற்றும் அறைக்கு முன்னால் வரிசை நேரம் ஆக ஆக நீண்டுகொண்டே போகும். ஆண்கள் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே வேட்டி மாற்றிவிடுவார்கள். அவர்களுக்கு எட்டு மணியும் ஒன்றுதான், ஒன்பது மணியும் ஒன்றுதான். உங்களுக்கு அப்படி இல்லை. இதைக் கணவரிடம் குற்றாலத்தில் போய்ச் சொல்லாதீர்கள். சனிக்கிழமை சாயங்காலமே, கொழுந்தனும் உடனிருக்கும்போது சொல்லிவிடுங்கள். அதற்கும் முன்னால் ஓரகத்தியிடம் பேசி வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு பேர் சொன்னால் அது ஏற்பாடு, ஒருவர் சொன்னால் அது முணுமுணுப்பு.

அப்புறம் பையையே சின்னதாக்குங்கள். மாற்றுத் துணி, துண்டு, மாத்திரை, ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். மற்றதெல்லாம் காரில் பூட்டி இருக்கட்டும். நகையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அருவி விழும் வேகத்தில் கம்மலின் திருகு கழன்றால் தெரியாது, கொலுசு கழன்றாலும் தெரியாது. தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வரவில்லை என்றால் ரவிக்கைக்குள் போட்டு ஊக்கு குத்திக்கொள்ளுங்கள். ரிமோட் வைத்த கார் சாவி ஈரத்தில் மக்கர் செய்யும். அது கரையில் நிற்பவர் கையில் இருக்கட்டும். செல்போன் இல்லாமல் இரண்டு பக்கமாகப் பிரிவதால், திரும்பக் கூடும் இடத்தை முன்பே சொல்லி வையுங்கள். மெயினருவி என்றால் குற்றாலநாதர் கோயில் வாசல் நல்ல அடையாளம். பிள்ளைகள் இருவருக்கும் அந்த வாசலை முதலிலேயே கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள்.

இரண்டாவது, ஒரு நாளுக்கு ஒரு அருவி போதும். மூன்றையும் சுற்றுவதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. ஒவ்வோர் இடத்திலும் வண்டி நிறுத்த இடம் தேடி, நடந்து, ஈரத்தோடு மறுபடி காரில் ஏறி, சீட்டை நனைத்து, அடுத்த இடத்தில் மறுபடி வரிசையில் நிற்பதற்குள் பிள்ளைகளுக்குப் பசி வந்துவிடும். உங்கள் மாமியார் ஆசைப்படுவது மெயினருவி. அதையே வைத்துக்கொள்ளுங்கள். மூட்டுவலிக்காரருக்கும் அதுதான் தோது. சாலைக்கும் கோயிலுக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. பழைய குற்றாலத்தில் படி ஏற வேண்டும். இன்னொரு சௌகரியமும் உண்டு. மேலிருந்து வரும் சிற்றாற்றுத் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. பாதி வழியில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, அங்கிருந்து பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. அத்தனை உயரத்து அருவியின் அடியில் மனிதர் நின்று குளிக்க முடிவதே அதனால்தான். மெயினருவியை முடித்த பிறகும் பிள்ளைகளுக்கு ஆட்டம் மீதி இருந்தால் புலியருவிக்குப் போங்கள். சின்ன அருவி, சின்னவர்களுக்குத் தோதானது.

இனி நேரம். மதுரையிலிருந்து திருமங்கலம், ராஜபாளையம், கடையநல்லூர் வழியாகத் தென்காசி தாண்டிக் குற்றாலம் சேர ஏறக்குறைய 160 கிலோமீட்டர். மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை ஞாயிறு காலை பத்து மணிக்குத் தென்காசியில் இருந்தீர்கள் என்றால் உங்களுக்கு முன்னால் பாதித் தென்மாவட்டம் நிற்கும். விடியும்போது அங்கே இருக்க வேண்டும். அதற்கு இரவு இரண்டரைக்குக் கிளம்ப வேண்டும். வண்டி ஓட்டுபவர் சனிக்கிழமை எட்டு மணிக்கே படுத்துவிட வேண்டும், திரும்பும்போது மற்றவர் ஓட்ட வேண்டும். இரண்டு பேருக்கும் ஓட்டத் தெரியாது, அல்லது சனிக்கிழமை இரவு நேரத்தோடு தூங்கும் வழக்கம் உங்கள் வீட்டில் கிடையாது என்றால் இந்தத் திட்டம் வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் ஓட்டுவது அருவி வெள்ளத்தைவிட எனக்கு அதிகம் பயம் தருகிறது.

என்னைக் கேட்டால் ஞாயிறே வேண்டாம் என்பேன். ஒரு செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ பிள்ளைகளுக்கு லீவு போடுங்கள். ஒரு நாள் பள்ளி போகாததால் ஆறு வயதுப் பையனுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆடி அமாவாசை மாதிரியான நாட்களை மட்டும் தள்ளிவிடுங்கள், அன்று வாரநாளும் ஞாயிறு மாதிரிதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன் என்பதால் ஜூலைதான் என்று பிடிவாதம் பிடிக்கவும் வேண்டாம். ஆகஸ்ட் பிற்பகுதியிலும் தண்ணீர் நன்றாக விழும் வருடங்கள் உண்டு.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சரி என்றால், அன்று காலை பிரஷர் மாத்திரையைத் தவறவிடக் கூடாது. பயண அவசரத்தில் முதலில் மறந்துபோவது அதுதான். அருவியின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். தண்ணீரோடு சமயத்தில் கல்லும் குச்சியும் வரும், கழுத்தில் விழும் அடியும் பலமாக இருக்கும். ஓரமாக, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோளில் விழுகிற மாதிரி நிற்கட்டும். நீங்கள் ஒரு பக்கம், ஓரகத்தி ஒரு பக்கம். மகள் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில். நனைந்த சேலை கனமாகிக் காலைச் சுற்றும், எனவே இறங்கும் முன்பே தூக்கிச் செருகிவிடுங்கள். உங்களுக்குச் சுடிதார் போதும், துப்பட்டாவைக் கரையில் விட்டுவிடுங்கள். நைட்டி வேண்டவே வேண்டாம், தண்ணீர் வேகத்தில் காலைத் தடுக்கும். மாமியாருக்கு இரண்டு மூன்று நிமிடத்திலேயே திருப்தியாகிவிடும். கூட்ட நாளில் அதற்குமேல் போலீசாரும் விடமாட்டார்கள், "நகருங்க, நகருங்க" என்பார்கள். அவரை ஓரகத்தி கரைக்குக் கூட்டிப்போய்த் தலை துவட்டிவிடட்டும். நீங்கள் மகளோடு இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். போன வருடத்துக்கும் சேர்த்து.

எண்ணெய் தேய்த்துக்கொண்டு போகும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் விட்டுவிடுங்கள். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்புக்குத் தடை இருக்கிறது. தடையை விடுங்கள், மேலே நிற்பவர் உடம்பிலிருந்து வழிந்த எண்ணெயில் வழுக்கி விழப்போவது கீழே நிற்கும் உங்கள் மாமியார்.

உங்கள் பயம் நியாயமானது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் உயிரிழந்தான். அது சீசன்கூட இல்லை, கோடை மழை. நாம் நிற்கும் இடத்தில் மழை பெய்கிறதா என்பது இங்கே கணக்கே இல்லை. மேலே மலையில் கொட்டினால், செங்குத்தான சரிவில் அந்தத் தண்ணீர் சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வரலாம். எனவே சில அடையாளங்களைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். தெளிவாக இருந்த தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாகிறது, இலையும் குச்சியும் அதிகமாக வருகிறது, சத்தம் மாறுகிறது, அருவி அகலமாகிறது. இதில் ஒன்றைப் பார்த்தாலும் செருப்பைத் தேடாமல் வெளியே வந்துவிட வேண்டும். யாரும் விசில் அடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. மெயினருவியில் பாதுகாப்பு வளைவு ஒன்று இருக்கிறது. தண்ணீர் அதைத் தாண்டி விழுந்தால் குளிக்க விடமாட்டார்கள். அப்போது "சும்மா ஓரமா நின்னுட்டு வர்றேன்" என்று உங்கள் கணவரோ கொழுந்தனோ கிளம்பினால் கையைப் பிடித்து இழுங்கள். மேலே உள்ள செண்பகாதேவி அருவிக்கும் தேனருவிக்கும் மலை ஏறலாம் என்று அங்கே யாராவது ஆசை காட்டினாலும் காது கொடுக்காதீர்கள். அது வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ள காட்டுப் பகுதி.

குளித்து முடிக்கும்போது எட்டரை, ஒன்பது ஆகியிருக்கும். டிபனை ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வெளியே பாலிதீன் கவரைப் பிரித்தால் குரங்கு உங்களுக்கு முன்னால் கை நீட்டும். கோயிலுக்குள் போய்க் குற்றாலநாதரைப் பார்த்துவிட்டு, வழியில் மங்குஸ்தானோ ரம்புட்டானோ வாங்கிக்கொண்டு, பதினொரு மணிக்குள் ஊரைவிட்டு வெளியேறிவிடுங்கள். எதிரே வரும் வண்டிகளின் வரிசையைப் பார்த்ததும் கணவருக்கே உங்கள் திட்டம் பிடித்துப்போகும். செங்கோட்டைப் பக்கம் பார்டர் பரோட்டா சாப்பிடாமல் வருவதா என்று கொழுந்தன் கேட்பார். அது எதிர்த் திசை. சாப்பிட்டே தீருவேன் என்றால் போங்கள், அந்த நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு.

குளிக்கத் தடை என்று வழியிலேயே தெரிந்தால்? கிளம்பும் முன் இரவுச் செய்தியைப் பாருங்கள், தென்காசி போனதும் விசாரியுங்கள். தண்ணீர் குறைந்தால் தடையைச் சில மணி நேரத்தில் எடுப்பதும் உண்டு, நாள் முழுக்க எடுக்காமல் இருப்பதும் உண்டு. பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பண்பொழி திருமலைக்கோயிலுக்கு வண்டியைத் திருப்புங்கள். மலை உச்சியில் முருகன், மேலே வரை கார் போகும், அடிவாரத்திலிருந்து படி ஏறும் வேலை மாமியாருக்கு இல்லை. தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் திரும்பும் வழியிலேயே இருக்கிறது. மெயினருவி ஆசையை மாமியார் அடுத்த மாதம் ஒரு வாரநாளில் தீர்த்துக்கொள்ளட்டும்.