டீசல் வண்டியைக் கிளப்புவது எப்படி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: கோலாலம்பூரில் குளிரே கிடையாது. அப்படியிருக்க, என் பிக்கப் வண்டியில் சுருள் போன்ற ஆரஞ்சு விளக்கு அணையும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமா? (செந்தூல் வாசகர்)

பதில்: கட்டாயம் காத்திருங்கள். டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்று ஏறக்குறைய 16 முதல் 20 மடங்குவரை அழுத்தப்பட்டு 500 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்கிறது. அந்தச் சூட்டில் தெளிக்கப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. இரவெல்லாம் நின்ற இயந்திரத்தின் இரும்பு அந்தச் சூட்டில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்வதால், குறையை ஈடுகட்ட ஒவ்வொரு சிலிண்டரிலும் குளோ பிளக் என்ற சிறு சூடேற்றி செந்தணலாகக் காய்கிறது. அது காயும்வரை எரிவதுதான் அந்த ஆரஞ்சு விளக்கு. நம் ஊரில் விளக்கு ஓரிரு விநாடிகளில் அணைந்துவிடும். அதற்குள் சாவியைத் திருப்பினாலும் வண்டி கிளம்பலாம். ஆனால் எரியாத டீசல் வெண்புகையாக வெளியேறும், இயந்திரமும் தடதடக்கும். பொத்தானை அழுத்திக் கிளப்பும் வண்டிகளில் பிரேக்கை மிதித்து ஒருமுறை அழுத்தினால் போதும். சூடேறும்வரை வண்டியே காத்திருக்கும் என்பதால், உடனே சுழலவில்லையென்று மறுபடியும் அழுத்தாதீர்கள்.

கிளம்பியபின் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலரும் தவறுவது இங்கேதான். ஆக்சிலரேட்டர் மிதியை இயந்திரம் உறுமும்படி அழுத்தாதீர்கள். இயந்திரத்துக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது; அது மெல்லிய இயந்திர எண்ணெய்ப் படலத்தின்மீதுதான் நிற்கிறது. எண்ணெய் அங்கே போய்ச் சேர அரை நிமிடம் கொடுத்துவிட்டு, முதல் சில கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். வீட்டு வாசலில் கால் மணி நேரம் ஓடவிடுவதால் பயனில்லை. சுமையின்றி ஓடும் டீசல் இயந்திரம் எளிதில் சூடேறாது.

கேள்வி: டீசல் ஃபில்டரை நானே மாற்றினேன். அதன்பிறகு எவ்வளவு முயன்றும் வண்டி கிளம்பவில்லை. (பிறை வாசகர்)

பதில்: குழாயில் காற்று புகுந்திருக்கிறது. இதே நிலையில் ஒரு பிக்கப்பை எங்கள் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். உரிமையாளர் பேட்டரி தீரும்வரை ஸ்டார்ட்டரைச் சுழற்றியிருந்தார். தொட்டால் கை சுட்டது. பேட்டரியை மாற்றிவிட்டு, ஃபில்டரின் தலையில் இருந்த கைப்பம்பை அழுத்தினேன். முதலில் பஞ்சுபோல் தளர்வாக இருந்த குமிழ், போகப்போகக் கட்டைவிரலுக்கு அடங்காமல் இறுகியது. அப்படி இறுகினால் காற்று வெளியேறி டீசல் நிரம்பிவிட்டது என்று பொருள். அடுத்த திருப்பிலேயே வண்டி கிளம்பியது. கைப்பம்பு இல்லாத வண்டியாயின், கையேட்டில் சொல்லியுள்ளபடி காற்றை வெளியேற்ற வேண்டும். எதுவாயினும் ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் 10 விநாடிக்குமேல் சுழற்றாமல், அரை நிமிடமாவது ஆறவிட்டு மீண்டும் முயலுங்கள்.

நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கும் உயிரி டீசலும் கலந்திருக்கிறது. அது ஈரத்தை ஈர்ப்பதால், ஃபில்டரின் அடியில் தேங்கும் நீரை அவ்வப்போது வடித்துவிடுவதும் நல்லது.

கேள்வி: எளிதில் கிளம்ப, காற்று வரும் குழாயில் ஈதர் தெளிக்கலாமா? (கிள்ளான் வாசகர்)

பதில்: கூடவே கூடாது. ஈதர் மிக எளிதில் தீப்பற்றும் திரவம். காய்ந்திருக்கும் குளோ பிளக்கில் பட்டால் அது நேரங்கெட்ட நேரத்தில் வெடித்து, பிஸ்டனையே உடைத்துவிடும்.

கேள்வி: ஆண்டிறுதியில் நண்பர்களுடன் சீனாவுக்கு டீசல் வண்டியில் செல்லவிருக்கிறோம். குளிரில் எப்படிக் கிளப்புவது? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: குளிரில் முதலில் மக்கர் செய்வது டீசல்தான். அதிலுள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைத்துவிடும். செம்பனைப் பங்கு இருப்பதால் நம் டீசலில் இது இன்னும் விரைவில் நேரும். ஆகவே இங்கிருந்து எடுத்துச்செல்லும் டீசலைக் குளிர் பகுதிக்கு முன்பே செலவழித்துவிட்டு, அந்தந்த ஊரில் விற்பதையே நிரப்புங்கள். சீனாவில் டீசலை 0, −10, −20, −35 என்று தரம் பிரித்து விற்கிறார்கள். −10 என்று குறித்த டீசலை ஏறத்தாழ −5 டிகிரி வரைதான் நம்பலாம் என்பதால், இரவின் குறைந்த வெப்பநிலையைப் பார்த்துச் சற்றுக் கூடுதல் குளிர் தாங்கும் தரத்தையே வாங்குங்கள். கடுங்குளிர்க் காலையில் விளக்கு அணைந்ததும் சாவியை நிறுத்தி, மறுபடி திருப்பி இரண்டாம் முறையும் சூடேற்றியபின் கிளப்புங்கள். குளிரில் பேட்டரியின் வலு வெகுவாகக் குறையும், இயந்திர எண்ணெயும் கெட்டிப்படும். பழைய பேட்டரியுடன் போகாதீர்கள், எண்ணெயைக் கையேட்டில் குளிருக்கென்று குறித்துள்ள தரத்துக்கு மாற்றுங்கள். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்தத் தண்ணீர் 0 டிகிரியில் உறைந்து விரிந்து இயந்திரத்தையே பிளந்துவிடும் என்பதால், உறைவு தடுக்கும் கூலண்டைப் புறப்படும் முன் இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.