தண்டர்போல்ட்: உளவா, தாக்குதலா? – கடிதம்

அன்புள்ள சார்,

கொரியப் போர் பற்றி ஒரு காணொளித் தொடர் பார்க்கிறேன். 1951 ஜனவரியில் ஜெனரல் ரிட்ஜ்வே தொடங்கிய 'ஆபரேஷன் தண்டர்போல்ட்' உளவு நடவடிக்கை என்கிறார்கள். டாங்கிகளோடு இரண்டு கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படை) போனால் அது உளவா, தாக்குதலா? ரிட்ஜ்வே மேதைதானே?

கே.

அன்புள்ள கே.,

உளவாகத் தொடங்கித் தாக்குதலாக மாறியது. ஒரு கோர் ஒரு அமெரிக்க டிவிஷனுக்கு மேல் முதலில் இறக்கக் கூடாது என்பது உத்தரவு. மேதையா இல்லையா என்ற பேச்சு எனக்கு வேண்டாம்.

சில வாரங்களாக என் மனதில் ஓடுவது வேறு. ஜனவரி 4 அன்று தென்கொரியத் தலைநகர் சியோல் மறுபடி சீனர்கள் கையில் விழுந்தது. ரிட்ஜ்வேயின் படையான அமெரிக்க எட்டாவது ராணுவம் பின்வாங்கிய வேகத்தில் எதிரியோடு தொடர்பே அறுந்துபோனது. துரத்தி வருகிறவன் எங்கே, எத்தனை பேர் என்று தெரியாத படை தன் பயத்தைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும். 15ஆம் தேதி ஒரு ரெஜிமெண்டை டாங்கிகளோடு சியோலுக்குத் தெற்கே சுவோன் பக்கம் அனுப்பினார்கள். பெரிய எதிர்ப்பு இல்லை. 24ஆம் தேதி ரிட்ஜ்வே ஒரு பயிற்சி விமானத்தில் ஏறினார். ஓட்டியவர் அமெரிக்க ஐந்தாவது விமானப்படைத் தளபதி பார்ட்ரிட்ஜ். தாழப் பறந்து பார்த்தார்கள். அடுப்புப் புகை இல்லை, வண்டித் தடம் இல்லை, பனி மிதிபடக்கூட இல்லை. மறுநாள் காலை படை நகர்ந்தது.

உங்கள் காணொளியில் இது ஒரு சிவப்பு அம்புக்குறி, இல்லையா? அதைப் பார்த்துவிட்டுப் போரைத் தெரிந்துகொண்டதாக நினைக்காதீர்கள், தம்பி. முந்தைய நவம்பரில் இதே ராணுவம் பள்ளத்தாக்குச் சாலைகளில் லாரியில் விரைந்தது. சீனர்கள் மலைமுகட்டில் இருந்தார்கள். இப்போது லாரியைவிட்டு இறங்கி, அந்தக் குளிரில், ஒவ்வொரு குன்றாக ஏறித் தேட வேண்டும். வரைபடத்தில் குறித்த கோட்டை அடைந்தால் நிற்க வேண்டும். பக்கத்துப் படை வந்து தோள் சேர வேண்டும். உத்தரவு வந்தால்தான் அடுத்த கோடு. முதுகுக்குப் பின்னால் தேடாத குன்று ஒன்றுகூட இருக்கக் கூடாது. திட்டத்தின் உயிரே இந்த நிதானம்தான். அம்புக்குறியில் தெரியாததும் இதுதான்.

மறுபக்கத்துச் சீனப் பையன்களையும் நினையுங்கள். நம் சத்துமாவு போன்ற வறுத்த மாவைத் தோளில் கட்டிக்கொண்டு, பனியை அள்ளிச் சேர்த்துத் தின்றார்கள். சீன எல்லையான யாலு ஆற்றிலிருந்து வரும் வழியெல்லாம் குண்டுவீச்சு. கையிருப்பு ஒரு வாரம் தாங்கினால் அதிகம்.

பிப்ரவரி 10இல் இன்சோன் துறைமுகமும் கிம்போ விமானதளமும் எட்டாவது ராணுவத்தின் கைக்கு வந்தன. மறுநாள் இரவே கிழக்கே ஹோங்சோங்கில், மலைகளுக்குள் முன்னே தள்ளப்பட்டிருந்த தென்கொரிய எட்டாவது டிவிஷன் சிதைந்தது. அடுத்து அதைப் படியுங்கள். உயரக் கோடுகள் போட்ட வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துவிட்டு எழுதுங்கள்.